ஓடுவதும் ஓட்டுவதும்

அன்புள்ள ஐயா,

ஓர் ஆங்கில நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு மூதாட்டி தன் கணவரின் கதையை ஒரே வரியில் சொல்கிறாள்: கடை வைத்திருந்தார், கடனாளியானார், ஊரைவிட்டே போய்விட்டார். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘ரன்’ என்ற ஒரே வினை. நான் மூன்று சொற்கள் போட்டேன், வரி செத்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு அறுநூறுக்கு மேல் பொருள் உண்டாமே? இவ்வளவு சுமக்கும் சொல் தமிழில் இல்லை என்கிறார் நண்பர். உண்மையா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் நண்பரின் பேச்சை நம்பாதீர்கள். அந்த எண்ணிக்கை மட்டும் சரி. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைதான் முன்னால் நின்றது. ஏறத்தாழ 430 பொருள்கள். பிறகு ‘ரன்’ சொல்லைத் திருத்தி எழுத உட்கார்ந்த அந்த அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் அதிலேயே கிடந்தார். வினைக்கு மட்டும் 645 பொருள் தேறியது. அந்த உழைப்பைக் கும்பிடுகிறேன். ஆனால், அகராதிக்காரர் எவ்வளவு நுணுக்கமாக நறுக்குகிறாரோ அவ்வளவு பொருள் விழும். நம் ‘பிடி’யை அதே கத்தியால் நறுக்குங்கள். பஸ்ஸைப் பிடிக்கிறோம், வாடகைக்கு வீடு பிடிக்கிறோம், குடை பிடிக்கிறோம், படம் பிடிக்கிறோம். சளி பிடிக்கிறது, தீப்பிடிக்கிறது, பேய் பிடிக்கிறது. சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே, ஒருவரை நமக்குப் பிடித்தும் போகிறது! எந்த மொழியிலும் அன்றாடம் புழங்கும் சின்ன வினைகள்தான் இப்படிக் கூலி வேலை செய்கின்றன.

எனக்கு எண்ணிக்கையைவிட ‘ரன்’ வந்த வழிதான் பெரிதாகப் படுகிறது. பழைய ஆங்கிலத்தில் அது இரண்டு வினைகள். ஒன்று, தானாக ஓடுவது, நீர் போல வழிந்தோடுவது. மற்றொன்று, ஓடச் செய்வது. நம் இலக்கணம் சொல்லும் தன்வினையும் பிறவினையும்தான், ஓடு, ஓட்டு. காலப்போக்கில் ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே உருவில் கலந்துவிட்டன. ஆறு ஓடுவதற்கும் ஆலையை ஓட்டுவதற்கும் அங்கே ஒரே சொல் அமைந்தது இதனால்தான். குழாயில் நீர் வருவதும், மூக்கு ஒழுகுவதும், துணியில் சாயம் போவதும் ‘ரன்’ ஆனது அந்தப் பழைய நீரோட்டத்தால். தமிழ் இந்தப் பக்கத்தை ஒழுகுவதற்கும் வடிவதற்கும் பிரித்துக் கொடுத்தது. அந்த ‘ஒழுகு’ நம்மிடம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்: கூரை ஒழுகுகிறது, மனிதன் நெறிப்படி ஒழுகுகிறான், அதிலிருந்து ஒழுக்கம்.

ஆங்கிலேயர் நிறுவனத்தை ஓடவைக்கிறார்கள். நாம் நடத்துகிறோம், அதாவது நடக்கவைக்கிறோம். தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார், பிரிட்டன்காரர் நிற்கிறார், நம் ஊர்க்காரரும் நிற்கிறார். ஆனால் படம் நூறு நாள் ஓடுவதும், கடிகாரம் ஓடுவதும், மனத்தில் ஒரு யோசனை ஓடுவதும் தமிழிலும் ஓட்டமே. ஆகவே ‘ரன்’ என்றால் இன்னது என்று பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு மொழிபெயர்க்க உட்காராதீர்கள். பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பாருங்கள். எந்த வினை வர வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். ‘நிர்வகித்தல்’, ‘இயக்குதல்’ என்று கனமான சொற்களை அந்த மூதாட்டியின் வாயில் திணித்துவிடவும் வேண்டாம். அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல.

உங்கள் வரிக்கு வருகிறேன். நமக்கு ஓடு, ஓட்டு என்று இரண்டு உருவங்கள் இருப்பது இங்கே வசதிதான். நான் இப்படி எழுதுவேன்: “கடையை ஓட்டினார், கடன் ஓட ஓட விரட்டியது, ஒருநாள் ஓடியே போய்விட்டார்.” ‘ஓட்டினார்’ என்பதில், கடை அப்படியொன்றும் செழிப்பாக இல்லை, ஏதோ தள்ளிக்கொண்டிருந்தார் என்ற சாயல் சேர்கிறது. மூலத்தில் கடை நன்றாக நடந்திருந்தால் இது பொருந்தாது. முந்தைய பக்கங்களைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.