கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி: 150.5 கட்-ஆஃபுக்கு இடம் கிடைக்குமா?

கேள்வி: ஏற்காடு மலையில் இருக்கிறோம். மலையாளி (பழங்குடி) வகுப்பு. மகள் பிளஸ் டூவில் கணிதம் 78, இயற்பியல் 71, வேதியியல் 74. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். சேலம் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கிறாள். போன வருஷம் இதைவிடக் குறைந்த கட்-ஆஃபுக்கு இடம் கிடைத்ததாகப் பக்கத்து ஊர்க்காரர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: முதலில் கணக்கு. கணித மதிப்பெண் முழுதாகவும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகவும் சேரும். 78 + 35.5 + 37 = 150.5. அரை மதிப்பெண்ணையும் விடாதீர்கள். அதற்குள்ளேயே நிறைய பேர் நிற்பார்கள். கட்-ஆஃப் சமமாக இருந்தால் கணிதத்தில் கூடுதலாக எடுத்தவர் முன்னே போவார். அதுவும் சமம் என்றால் இயற்பியல் பார்ப்பார்கள்.

பக்கத்து ஊர்க்காரர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அதை வைத்து முடிவு செய்ய முடியாது. பழங்குடியினருக்கு இட ஒதுக்கீடு 1 விழுக்காடு. 60 பேர் சேரும் பிரிவில் அது ஓர் இடத்தைக்கூட முழுதாக எட்டாது. அதனால் பிரிவுவாரி இட அட்டவணையில் எஸ்.டி. கட்டத்தில் பெரும்பாலும் 1 அல்லது 0 என்றுதான் இருக்கும். ஓர் இடம்தான் என்றால் 'கடைசி கட்-ஆஃப்' என்று சொல்வது அந்த ஒரே பிள்ளையின் மதிப்பெண். அடுத்த ஆண்டு 180 எடுத்த ஒருவர் அதைக் கேட்டால் கதை மாறிவிடும். பி.சி., எம்.பி.சி. பிரிவுகளில் இடங்கள் அதிகம் என்பதால் கட்-ஆஃப் ஓரளவு நிலையாக இருக்கும். அவர்களுக்குப் பொருந்தும் கணிப்பு முறை உங்களுக்குப் பொருந்தாது.

ஆகவே மதிப்பெண்ணை விட்டுத் தரவரிசையைப் பாருங்கள். தரவரிசைப் பட்டியலில் பொது வரிசை எண்ணோடு சமூக வரிசை எண்ணும் (உங்கள் வகுப்பினருக்குள் மகள் எத்தனையாவது என்பது) வரும். உங்களுக்கு முக்கியம் இரண்டாவது எண். வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் எல்லோருடைய கட்-ஆஃபும் ஏறும். சமூக வரிசை அந்த அளவுக்கு ஆடாது.

பொறியியல் கலந்தாய்வு இணையதளத்திலிருந்து முந்தைய மூன்று ஆண்டுகளின் ஒதுக்கீட்டுப் பட்டியல்களை எடுங்கள். கருப்பூர் கல்லூரியின் குறியீடு 2615. அந்தக் குறியீடு உள்ள வரிகளை மட்டும் பிரித்து எஸ்.டி. மாணவர்களைத் தேடுங்கள். இங்கேதான் பலரும் தவறுவார்கள்: 'சமூகம்' ஒரு பத்தி, 'ஒதுக்கப்பட்ட பிரிவு' வேறொரு பத்தி. எஸ்.டி. மாணவர் ஒருவர் நல்ல மதிப்பெண்ணால் பொதுப்பிரிவு இடத்தைப் பிடித்திருந்தால் அவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எஸ்.டி. இடத்திலேயே சேர்ந்தவரின் சமூக வரிசை எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 2021ஐ எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். அந்த ஆண்டு பிளஸ் டூ தேர்வே நடக்காமல் பழைய வகுப்பு மதிப்பெண்களை வைத்துக் கணக்கிட்டதால் கட்-ஆஃப் தாறுமாறாக ஏறியது.

மூன்று ஆண்டிலும் உங்கள் மகளின் வரிசை எண் அந்த எண்ணுக்கு முன்னால் இருந்தால் நல்ல வாய்ப்பு. ஓரிரு ஆண்டில் மட்டும் என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது. எதிலும் இல்லையென்றாலும் அந்தப் பிரிவை விருப்பப் பட்டியலின் முதலில் போடத் தயங்க வேண்டாம். கணினி மேலிருந்து கீழே பார்த்து, கிடைக்கும் முதல் இடத்தைத்தான் ஒதுக்கும். மேலே உள்ளது கிடைக்காததால் கீழே உள்ளது பறிபோகாது. 'உறுதியானது' என்று நினைத்து ஒன்றை மேலே போடுவதுதான் ஆபத்து. அது கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே உள்ள நல்ல இடங்களைக் கணினி பார்க்கவே பார்க்காது.

கருப்பூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ், இ.சி.இ. (மின்னணுத் தொடர்பியல்) இரண்டும் முதலில் நிரம்பும். சிவில், மெட்டலர்ஜி (உலோகவியல்) கடைசிவரை இருக்க வாய்ப்புண்டு. தருமபுரி, பர்கூர், ஈரோடு அரசு பொறியியல் கல்லூரிகளையும் பட்டியலில் சேருங்கள். விருப்பங்களுக்கு உச்சவரம்பு இல்லை. பத்தோடு நிறுத்துவது வீண் இழப்பு.

7.5 விழுக்காடு அரசுப் பள்ளி ஒதுக்கீடு தனிக் கதவு. 60 இடத்தில் அது நான்கைந்துதான், அதுவும் சமூகவாரியாகப் பிரியும். எனவே கருப்பூரை மட்டும் நம்பி அதைப் பார்க்காதீர்கள். அதன் உண்மையான பலம் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களில் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும். சேலத்தின் நல்ல தன்னாட்சிக் கல்லூரிகளையும் இதை வைத்தே எழுதலாம்.

தகுதி விஷயத்தில் கவனம். 6 முதல் 12 வரை முழுவதும் அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளி அடங்காது. நடுவில் ஓராண்டு மலையிலுள்ள உதவி பெறும் பள்ளியில் படித்திருந்தாலும் இந்தக் கதவு மூடிவிடும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் 8 வரை படித்துப் பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

சாதிச் சான்றைத் தள்ளிப்போடாதீர்கள். பழங்குடிச் சான்று வட்டாட்சியர் தருவதல்ல, கோட்டாட்சியர் தருவது. விசாரணைக்கு நாளாகும். சான்று சரிபார்ப்பு முடியும் முன் பதிவேறாவிட்டால் எஸ்.டி. வரிசை எண்ணே வராது. பொதுப்பிரிவு மாணவியாகவே கலந்தாய்வில் நிற்க நேரும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறிப்பிட்ட நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். 'ஏற்று, மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன்' என்று தேர்ந்தால் உதவி மையத்துக்குப் போய்க் கட்டணம் கட்டியாக வேண்டும். வீட்டிலேயே இருந்தால் கையில் இருந்த இடமும் போய்விடும். கருப்பூர் கல்லூரியிலேயே உதவி மையம் உண்டு. மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடம் என்றால் அந்த நாட்களில் மகளைக் கீழே சேலத்தில் உறவினர் வீட்டில் தங்க வையுங்கள். ஓ.டி.பி. போகும் எண் அவள் கையிலேயே இருக்கும் போனின் எண்ணாக இருக்கட்டும்.