நுரையீரல் பாடத்துக்கு நன்கொடை

கேள்வி: திருவள்ளூர் மாவட்டச் சிற்றூர்ப் பள்ளிகளில் நுரையீரல் நலக் கல்விக்கு எங்கள் குடியிருப்போர் சங்கம் நிதியளிக்க விரும்புகிறது. பணத்தை எப்படி, எதற்காகக் கொடுப்பது? – வாசகர், அண்ணாநகர், சென்னை.

பதில்: தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியே அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை அளிக்கலாம், முன்னதாகப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் பேசிவிடுங்கள். மேடையும் பொன்னாடையும் பணத்தைத் தின்றுவிடும் என்பதால், பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் ஆண்டு முழுவதும் வந்துபோகும் செலவை ஏற்பதே மேல். விறகடுப்புப் புகை வெளியேறச் சமையலறைச் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்பதையும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை தேவை என்பதையும் அவர் சொல்லித்தந்து, இன்ஹேலரை ஸ்பேசர் எனும், மருந்தைத் தேக்கித் தரும் குழாயில் பொருத்தி மெதுவாக மூச்சிழுக்கும் முறையை ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குச் செய்துகாட்டட்டும். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அப்படியொரு கடை இருந்தால், செலவே இல்லாத வேலையாக, தலைமையாசிரியர் வழியே புகார் அளிக்கச் சொல்லுங்கள்.