குல்மார்க் பனிச்சரிவு: கேட்டவையும் என் பதில்களும்

பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் ஸ்கீ (பனிச்சறுக்கு) செய்யப் போகிறவர்களும், அதற்கப்புறம் மலையேறப் போகிற சிலரும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சார், கோண்டோலா (மலைமேல் ஏற்றிச் செல்லும் கேபிள் கார்) ஓடுகிறது என்றால் அன்று மலை பாதுகாப்பாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. ரோந்துக் குழு கவனிப்பதும், தேவைப்பட்டால் வெடி வைத்துப் பனியை இறக்குவதும் கோண்டோலாவை ஒட்டிய பகுதியில் மட்டும்தான். அஃபர்வாட் உச்சியருகே இறங்கி அந்த எல்லையைத் தாண்டினால், அப்புறம் உங்களுக்கு நீங்களே பொறுப்பு. 2023 பிப்ரவரி 1 அன்று போலந்துக்காரர்கள் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவரும் குல்மார்க்கில் பனிச்சரிவில் இறந்தார்கள்.

எவ்வளவு செங்குத்தான சரிவு ஆபத்து?

30 முதல் 45 டிகிரி. அதிலும் 38 டிகிரியை ஒட்டித்தான் மிக அதிகம். ஸ்கீ செய்ய நமக்கு ஆசையாக இருப்பதும் அதே சரிவுதான், என்ன செய்வது! கண்ணளவை நம்பாதீர்கள், போனில் சரிவின் கோணத்தைக் காட்டும் சாய்மானியால் அளந்து பாருங்கள். நீங்கள் நிற்கும் இடம் 20 டிகிரிதான் என்றாலும் தலைக்கு மேலே 40 டிகிரி சரிவு இருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

பனி கொட்டி முடிந்து, மறுநாள் வானம் பளிச்சென்று இருந்தால் போகலாமா அண்ணா?

நான் அதிகம் பயப்படுவது அந்த நாளுக்குத்தான். பனி அடுக்கடுக்காகப் படிகிறது. தெளிந்த குளிர் இரவுகளில் மேற்பரப்பில் இறகு போன்ற படிகங்கள் முளைக்கும். அவற்றின் மேல் அடுத்த புயலின் பனி வந்து படியும்போது, சர்க்கரை கொட்டிய தட்டில் கனமான பலகையை வைத்த மாதிரி ஆகிவிடும். ஒரு ஆள் ஏறினால் போதும், பலகை மொத்தமும் உடைந்து வழுக்கும். ஆட்கள் சிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை தானாக வருவதில்லை. சிக்கியவரோ அவர் கூட்டாளியோதான் கிளப்பிவிட்டிருப்பார்.

குல்மார்க் இருக்கும் பீர் பஞ்சால் மலைத்தொடர் பக்கம் குளிர் அவ்வளவு கடுமையில்லை. அதனால் பனி பெரும்பாலும் சில நாட்களில் இறுகிவிடும். காரகோர மலைத்தொடரில் குளிரும் வறட்சியும் சேர்ந்து பலவீன அடுக்கை வாரக்கணக்கில் அப்படியே வைத்திருக்கும். காற்றையும் பாருங்கள்: ஒரு துளி பனி விழாவிட்டாலும், காற்று முகட்டின் மறுபக்கத்தில் பனியை அள்ளிக் குவிக்கும்.

காலடியில் 'தும்' என்று அமுங்கும் சத்தம், ஸ்கீ முனையிலிருந்து ஓடும் விரிசல், பக்கத்துச் சரிவில் புதிதாக இறங்கிய பனி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்குச் செங்குத்தான சரிவு வேண்டாம்.

ஏற்கெனவே பத்துப் பேர் இறங்கிய தடம் இருக்கிறதே?

பதினோராவது ஆள் பனி மெலிந்த இடத்தை மிதிக்கலாம். தடம் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

பனிச்சரிவு எச்சரிக்கை அளவு 3 என்றால் நடுத்தரம்தானே?

5 வரை உள்ள அளவுகோலில் 3 நடுவில் இருப்பதால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 5 என்றால் யாரும் வெளியே வரமாட்டார்கள், 3 என்றால் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். பனிச்சரிவுச் சாவுகளில் பெரும்பகுதி 3, 4 அளவு நாட்களில்தான் நடக்கிறது. மாவட்டத்துக்கென்று வரும் எச்சரிக்கை உங்கள் சரிவைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லாது.

சியாச்சினில் பனியில் புதைந்த ராணுவ வீரர் ஹனுமந்தப்பாவை ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்களே? புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும் என்கிறீர்களே நீங்கள்?

2016 பிப்ரவரி 3 அன்று மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதைந்தார்கள், அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். உயிரோடு கிடைத்தவர் ஹனுமந்தப்பா ஒருவர்தான். அவரும் பிப்ரவரி 11 அன்று இறந்துவிட்டார். கூடாரத்துக்குள் காற்று தங்க இடம் இருந்ததால் நடந்த அதிசயம் அது. திறந்த சரிவில் ஸ்கீ செய்கிறவருக்கு அந்த இடம் கிடைக்காது. முதல் 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கப் பெரிய வாய்ப்பு உண்டு, அரை மணி தாண்டினால் அது மளமளவென்று சரியும். அதனால் ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க நேரமில்லை, கூட இருப்பவர்தான் தோண்டியாக வேண்டும்.

காற்றுப்பை உள்ள முதுகுப்பை வாங்கவா, பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பும் கருவி) வாங்கவா?

முதலில் பீக்கன், புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கம்பி), மண்வெட்டி மூன்றும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பயன் குறைவு. காற்றுப்பை அப்புறம். அது உங்களைப் பனியின் மேல்பக்கமாக வைத்திருக்க உதவும், மரத்திலோ பாறையிலோ மோதுவதைத் தடுக்காது.

மலையேற்றத்தில் அதிகாலையில் கிளம்பினால் தப்பிக்கலாமா?

வெயிலில் இளகும் ஈரப்பனிக்கு அது சரியான வழி. பூட்ஸ் கெண்டைக்கால் வரை புதைய ஆரம்பித்தால் திரும்புங்கள். ஆனால் பலகை போல் உடையும் பனி நேரம் பார்க்காது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டில், திரௌபதி கா டண்டாவில், பயிற்சிக் குழுவைப் பனிச்சரிவு அடித்தது காலை வேளையில்தான். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சந்தேகமான சரிவை ஒவ்வொருவராகக் கடந்து செல்லுங்கள். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று, கடப்பவர் மீதிருந்து கண்ணை எடுக்காமல் பார்க்கட்டும்.