பகிர்ந்து வாழும் வீட்டில் உங்களுக்கென ஒரு வைஃபை

அன்புள்ள தம்பிக்கு,

நான்கு பேருடன் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் அறை எடுத்திருப்பதாகவும், அந்த வீட்டு வைஃபையின் கடவுச்சொல் சமையலறைச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த ரவுட்டரை வைத்துப் பாதுகாப்பான ஒரு தனி அணுகல் புள்ளியை (ஆக்சஸ் பாயின்ட்) அமைத்துக்கொள்ள முடியுமா, அதில் எவற்றை மாற்ற வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும், அமைத்துக்கொள்வது அவசியம் என்றே சொல்வேன். புதிய நாட்டில் முதல் சில மாதங்களில் வங்கிக் கணக்கு, குடியேற்ற ஆவணங்கள், வேலை விண்ணப்பங்கள், வீட்டாருடன் பேசும் பேச்சு என்று நம் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரே இணைப்பின் வழியாகத்தான் போகிறது. அதே இணைப்பின் கடவுச்சொல்லோ, உங்களுக்கு முன்பு அந்த அறையில் இருந்துவிட்டுப் போனவர்களுக்கும் அவர்களைப் பார்க்க வந்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

முதலில் வீட்டு உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். மாணவர் விடுதிகள் பலவற்றில் சொந்த ரவுட்டர் வைப்பதற்குத் தடை உண்டு. தனியார் வீடுகளில் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், ஆனால் அவர்களுடைய கருவியில் ஒரு கேபிளைச் செருகப்போகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, கொண்டுவந்த ரவுட்டரைப் பற்றி. அதன் மின் அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால், செருகியின் வடிவத்தை மாற்றிக்கொண்டாலே போதும். அதைவிட முக்கியமானது, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இருக்கும் ‘நாடு’ என்ற தேர்வு. எந்தெந்தச் சேனல்களில் (அலைவரிசையின் உட்பிரிவுகளில்), எவ்வளவு வலுவுடன் அலை பரப்பலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியே வரையறுத்திருக்கிறது. எடுத்துக்காட்டாக, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அமெரிக்காவில் விற்கப்படும் கருவிகள் பொதுவாக 1 முதல் 11 வரையிலான சேனல்களையே பயன்படுத்துகின்றன. இந்தியாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் 13 வரை பயன்படுத்தலாம். இந்தத் தேர்வு பழைய நாட்டிலேயே நின்றுவிட்டால், இங்கே வாங்கிய கைபேசிக்கு உங்கள் இணைப்பு கண்ணிலேயே படாமல் போகலாம். இந்த நாட்டில் அனுமதியில்லாத அலையில் நீங்கள் ஒலிபரப்பிக்கொண்டும் இருக்கலாம், அது சட்ட மீறல். சில ரவுட்டர்களில் நாட்டை மாற்றவே முடியாதபடி பூட்டிவைத்திருப்பார்கள். உங்களுடையது அப்படியென்றால், அல்லது தயாரித்த நிறுவனம் அந்த மாதிரிக்கு ஃபார்ம்வேர் (கருவியை இயக்கும் உள் மென்பொருள்) புதுப்பிப்புகள் தருவதை நிறுத்திவிட்டது என்றால், தயங்காமல் இங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கருவியை வாங்குவதானால், அமைக்கத் தொடங்குமுன் அதைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிட்டு, ஃபார்ம்வேரைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

இனி, உங்கள் நிலைமையில் எல்லாவற்றையும் விட முக்கியமான முடிவுக்கு வருகிறேன். உங்கள் கருவியை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறையிலும் இயக்கலாம், ‘ரவுட்டர்’ முறையிலும் இயக்கலாம். நீங்கள் அணுகல் புள்ளி என்றுதான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் பகிர்ந்து வாழும் வீட்டில் உங்களுக்கு வேண்டியது ரவுட்டர் முறைதான். ஆக்சஸ் பாயின்ட் முறையில் உங்கள் கருவி, வீட்டுப் பிணையத்தை உங்கள் அறை வரை நீட்டிக்கொடுக்கும் வேலையை மட்டுமே செய்யும். கடவுச்சொல் வேறாக இருந்தாலும், உங்கள் மடிக்கணினியும் அடுத்த அறைக்காரரின் கணினியும் ஒரே பிணையத்தில்தான் இருக்கும், அவர் முயன்றால் உங்கள் பகிர்வுக் கோப்புறைகளையும் அச்சுப்பொறியையும் தேடிப் பார்க்க முடியும். ரவுட்டர் முறையிலோ, உங்கள் கருவிகள் எல்லாம் உங்கள் ரவுட்டருக்குப் பின்னால் தனிப் பிணையமாக ஒதுங்கிவிடும். வீட்டுப் பிணையத்திலிருந்து யாரும் தாமாக உள்ளே தொடர்பு தொடங்க முடியாது, நீங்கள் மட்டும் வெளியே போய்வரலாம். கூட்டுக்குடித்தன வீட்டுக்குள் உங்கள் அறைக்குத் தனிக் கதவும் தாழ்ப்பாளும் இருப்பதைப் போன்றது இது. இரண்டு ரவுட்டர்கள் அடுத்தடுத்து இருப்பதால் சில இணைய விளையாட்டுகளிலும், வெளியிலிருந்து உள்ளே வரவேண்டிய தொடர்புகளிலும் சிக்கல் வரக்கூடும். கிடைக்கும் பாதுகாப்புக்கு அது சிறிய விலைதான்.

கேபிளைச் செருகும்போது கவனம் தேவை. வீட்டு ரவுட்டரின் லேன் (LAN, வீட்டுக் கருவிகளை இணைப்பதற்கான) துளை ஒன்றிலிருந்து வரும் கேபிள், உங்கள் ரவுட்டரின் வேன் (WAN, வெளி இணைப்புக்கான) துளையில் சேர வேண்டும். அந்தத் துளை பெரும்பாலும் வேறு நிறத்தில், ‘இன்டர்நெட்’ என்ற குறிப்புடன் இருக்கும். தவறி லேன் துளையில் செருகினால், உங்கள் ரவுட்டரும் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் முகவரி வழங்கத் தொடங்கிவிடும்; வீடு முழுவதும் இணையம் தடுமாறும், காரணமும் யாருக்கும் எளிதில் பிடிபடாது. புதிதாக வந்தவர்மேல் வீட்டார் மனக்குறை கொள்வதற்கு அது ஒன்றே போதும். இரண்டு ரவுட்டர்களும் ஒரே முகவரி வரிசையைப் பயன்படுத்தாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்: வீட்டு ரவுட்டர் 192.168.1.1 என்றால், உங்களுடையதை 192.168.50.1 என்பதுபோல் மாற்றிவையுங்கள். கேபிள் உங்கள் அறைக்கு எட்டாது என்றால், வீட்டு வைஃபையையே வெளி இணைப்பாக வாங்கி, அதற்குப் பின்னால் தனிப் பிணையத்தை உண்டாக்கித் தரும் சிறிய பயண ரவுட்டர்கள் கிடைக்கின்றன. வேகம் ஓரளவு குறையும், பிரிப்பு அப்படியே கிடைக்கும்.

அமைப்புப் பக்கத்தில் இரண்டு கடவுச்சொற்கள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று வைஃபையில் சேர்வதற்கானது. மற்றது ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைவதற்கானது. பின்னதைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே விட்டுவிடுவது பெரும் ஆபத்து. 2016-ஆம் ஆண்டில் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அதற்கு அது கையாண்ட வழி, எல்லோருக்கும் தெரிந்த தொழிற்சாலைக் கடவுச்சொற்களின் ஒரு சிறிய பட்டியலை வரிசையாக முயன்று பார்ப்பதுதான். ஆகவே நிர்வாகக் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், ஃபார்ம்வேர் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதை இயக்கிவையுங்கள்.

காற்றில் செல்லும் தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்க முறையைப் பொறுத்தவரை, டபிள்யூபிஏ3 (WPA3) இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அது இல்லையென்றால், அல்லது உங்களிடம் இருக்கும் பழைய கருவி அதனுடன் சேர மறுத்தால், ஏஇஎஸ் (AES) குறியாக்கத்துடன் கூடிய டபிள்யூபிஏ2 (WPA2) போதுமானது. பட்டியலில் தென்படும் டபிள்யூஇபி (WEP), டிகேஐபி (TKIP) என்ற பழைய முறைகள் இரண்டையும் தொடவே வேண்டாம். டபிள்யூஇபியின் பலவீனம் 2001-இலேயே வெளிப்படுத்தப்பட்டுவிட்டது. 2018-இல் அறிமுகமான டபிள்யூபிஏ3-ஐ நான் வற்புறுத்துவதற்குக் காரணம், பகிர்ந்து வாழும் வீட்டுக்கு அது குறிப்பாகப் பொருந்துவதுதான். டபிள்யூபிஏ2-இல், கடவுச்சொல் தெரிந்த ஒருவர், உங்கள் கருவி ரவுட்டருடன் சேரும் கணத்தில் பரிமாறப்படும் செய்திகளைப் பதிவுசெய்துகொண்டால், அதன்பின் காற்றில் செல்லும் உங்கள் தரவைப் பிரித்துப் படிக்க முடியும். சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். வங்கித் தளங்களும் செய்திச் செயலிகளும் தமக்கெனத் தனிக் குறியாக்கம் வைத்திருப்பதால் அவற்றின் உள்ளடக்கம் அப்போதும் வெளிப்படாது. ஆனால் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். டபிள்யூபிஏ3-இல் கடவுச்சொல் தெரிந்தவர்கூட மற்றவரின் தரவை இவ்வாறு பிரித்துப் படிக்க முடியாது.

கடவுச்சொல் தெரியாதவரும் டபிள்யூபிஏ2-ஐ வேறொரு வழியில் தாக்கலாம். அதே தொடக்கச் செய்திகளை ஒருமுறை பதிவுசெய்துகொண்டு, வேறெங்கோ உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தவறான முயற்சிகளைத் தடுக்க உங்கள் ரவுட்டர் அங்கே இருக்காது. வலுவான வரைகலை அட்டை பொருத்திய ஒரு கணினியால் ஒரு நொடியில் பல இலட்சம் சொற்களை முயன்று பார்க்க முடியும். நம்மில் பலர் கைபேசி எண்ணையே வைஃபை கடவுச்சொல்லாக வைத்துக்கொள்கிறோம் என்பதால், அதைக் கணக்கிட்டே காட்டுகிறேன்: பத்து இலக்க எண்கள் மொத்தம் 1,000 கோடி, நொடிக்கு 5 இலட்சம் என்று வைத்துக்கொண்டால் 20,000 நொடிகள், அதாவது ஆறு மணி நேரத்துக்குள் எல்லா எண்களும் தீர்ந்துவிடும். மாறாக, 7,776 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றிலிருந்து பகடை உருட்டி, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களைத் தேர்ந்து கோத்தால், அதே வேகத்தில் எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று முடிக்கப் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகும். சொற்களை மனத்தால் தேர்ந்தெடுக்காமல் பகடையிடம் விடுவதில்தான் இதன் வலிமை இருக்கிறது. நம் மனம் பழகிய பெயர்களுக்கும் பிறந்த ஆண்டுகளுக்குமே திரும்பிச் செல்லும். கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். தமிழ் எழுத்துகளை அதில் இடுவது ஒத்துவராது. தமிழ்ச் சொற்களே வேண்டுமென்றால் அவற்றை ஆங்கில எழுத்துகளில் எழுதிக்கொள்ளுங்கள்.

டபிள்யூபிஎஸ் (WPS) என்ற வசதியை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்க எண் ஒன்றை இட்டு இணைப்பதற்காக உருவாக்கப்பட்டது அது. பத்து கோடி எண்களை யாரால் முயன்று பார்க்க முடியும் என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவதாலும், அதிகபட்சம் 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011-இல் வெளிப்பட்டது. எத்தனை வலுவான கடவுச்சொல் வைத்தாலும், இந்தப் பக்க வாசல் திறந்திருந்தால் பயனில்லை.

வைஃபை பெயரை மறைத்துவைக்கச் சொல்லியும், குறிப்பிட்ட கருவிகளின் மேக் முகவரிகளை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்களை) மட்டும் அனுமதிக்கச் சொல்லியும் பலர் உங்களுக்கு அறிவுரை கூறுவார்கள். இரண்டிலும் நேரத்தைச் செலவிட வேண்டாம். மறைத்த பெயர் உங்கள் கருவி இணையும்போதெல்லாம் காற்றில் வெளிப்பட்டுவிடும். போதாக்குறைக்கு, மறைந்த பெயரைத் தேடி உங்கள் கைபேசி போகும் இடமெல்லாம் அதைக் கூவிக்கொண்டே இருக்கும். மேக் முகவரியைக் கேட்டறிவதும், அதைப்போலவே பாவனை செய்வதும் எளிது. பெயரில் உங்கள் பெயரோ அறை எண்ணோ இல்லாதபடியும், ரவுட்டருடன் வந்த பெயராக இல்லாதபடியும் பார்த்துக்கொண்டாலே போதும். டபிள்யூபிஏ2-இல் அந்தப் பெயரும் சேர்த்தே குறியாக்கச் சாவி கணக்கிடப்படுகிறது என்பதால், பரவலாக வழங்கும் பெயர்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்ட பட்டியல்கள் தயாராக இருக்கின்றன.

ஒரே அறைக்கான இணைப்பு என்பதால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். அது சுவர்களைத் தாண்டி அவ்வளவு தூரம் செல்லாது. உங்களுக்கு அது நன்மையே. அலைவலுவைக் குறைக்கும் வசதி இருந்தால் குறைத்துவிடுங்கள். 2.4-உம் தேவைப்பட்டால், 1, 6, 11 ஆகிய மூன்றில் நெரிசல் குறைந்த சேனலைத் தேர்ந்தெடுங்கள். ரேடார்களும் பயன்படுத்தும் சில 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களில், ரேடார் அலையை உணர்ந்ததும் ரவுட்டர் தானாகவே வேறு சேனலுக்கு மாறும். இணைப்பு சிறிது நேரம் அறுந்து மீள்வது அதனாலும் இருக்கலாம்.

பார்க்க வருபவர்களுக்கு விருந்தினர் பிணையம் ஒன்றைத் தனிக் கடவுச்சொல்லுடன் இயக்கிவையுங்கள். வீட்டுக்கு வந்தவர் வைஃபை கேட்டால் மறுக்க நமக்கு மனம் வராது, மறுக்கவும் வேண்டாம். விளக்கு, கேமரா, தொலைக்காட்சி போன்ற இணையக் கருவிகளையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

வீட்டு இணைப்பையே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு மற்றவர்களிடம் பங்குத்தொகை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வந்த புதிதில் அது வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த இணைப்பின் வழியாக யார் எதைச் செய்தாலும், வெளியுலகுக்குத் தெரியும் முகவரி சந்தாதாரருடையது. விசாரணை என்று வந்தால் முதல் கடிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும், குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் ஒருவருக்கு அந்தக் கவலை தேவையில்லை. தவிர்க்க முடியாமல் எடுத்துக்கொள்ள நேர்ந்தால், மற்ற நால்வரையும் விருந்தினர் பிணையத்தில் வைத்து, ஒருவர் வீட்டைக் காலிசெய்யும் ஒவ்வொரு முறையும் அதன் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் செய்து முடிக்கும்வரை, வங்கி வேலைகளையும் குடியேற்ற ஆவணங்களைப் பதிவேற்றுவதையும் வீட்டு வைஃபையில் செய்யாமல், கைபேசியின் மொபைல் டேட்டாவிலோ, அதன் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்தோ செய்துகொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட்டுக்கும் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றிவையுங்கள். மடிக்கணினியில் வீட்டு வைஃபையைப் ‘பொதுப் பிணையம்’ என்று குறித்துவைத்தால், கோப்புப் பகிர்வும் நின்றுவிடும். ரவுட்டரின் மாதிரி எண்ணை எழுதி அனுப்பினால், அதில் நாட்டுத் தேர்வு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.