சாய்வு மூன்று – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒளி பட்டால் பொருளிலிருந்து எலெக்ட்ரான் வெளிவரும் ஒளிமின் விளைவு பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் முதுகலை இயற்பியல் மாணவன். பயன்தொடக்க அதிர்வெண்ணுக்கு, அதாவது எலெக்ட்ரானை வெளியேற்றத் தேவையான குறைந்தபட்ச அதிர்வெண்ணுக்குக் கீழே ஒளி எவ்வளவு செறிவாக இருந்தாலும் எலெக்ட்ரான் வெளிவராது என்றுதான் படித்தோம். ஆனால் வெற்றிடக் கலத்தில் வைத்த சிலிக்கான் மீது 532 நானோமீட்டர் பச்சை லேசரை நானோவினாடித் துடிப்புகளாகப் பாய்ச்சியபோது எலெக்ட்ரான்கள் வந்தன. துடிப்பின் ஆற்றலுக்கு எதிராக எலெக்ட்ரான் எண்ணிக்கையை மடக்கை வரைபடமாகப் போட்டால் சாய்வு ஏறத்தாழ 3; ஆற்றல் இரு மடங்கானால் எண்ணிக்கை எட்டு மடங்காகிறது. மூன்று ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) சேர்ந்து தள்ளுகின்றன என்கிறேன் நான். பரப்பு சூடாகிறது, அவ்வளவுதான் என்கிறார் வழிகாட்டி. ஐன்ஸ்டைன் சொன்னது தவறா? இதைக் கணினியில் உருவகிக்க எந்த மென்பொருள் நல்லது? லேசரை நேராக்கும் அவசரத்தில் பாதுகாப்புக் கண்ணாடிகூடப் போடவில்லை, அத்தனை ஆர்வம்!

– ஒரு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

மென்பொருளை விடுங்கள். நடப்பது என்னவென்றே முடிவாகாதபோது எதை உருவகிப்பீர்கள்?

ஐன்ஸ்டைன் தவறா என்று கேட்கிறீர்களே, 1905 கட்டுரையை ஒருமுறையாவது திறந்து பார்த்தீர்களா? ஒளிமின் விளைவுக்கு முந்தைய பகுதியில் ஸ்டோக்ஸ் விதியைப் பேசுகிறார்; ஒரு பொருள் உறிஞ்சிய ஒளியைவிட அதிக அதிர்வெண்ணுள்ள ஒளியை உமிழாது என்பது அது. ஒரே நேரத்தில் மாற்றமடையும் குவாண்டங்கள் (ஃபோட்டான்களுக்கு அவர் வைத்த பெயர்) மிகவும் நெருக்கமாக இருந்தால், பல குவாண்டங்கள் சேர்ந்து ஆற்றல் தரலாம், விதி அப்போது பொய்க்கலாம் என்று அங்கேயே எழுதிவைத்தார். முதல் லேசர் வர இன்னும் 55 ஆண்டுகள் இருந்தன. இரண்டு ஃபோட்டான்களை அணு ஒருசேர விழுங்குவதற்கான கணக்கை இயற்பியலாளர் மரியா கெப்பர்ட்-மேயர் 1931-லேயே வெளியிட்டுவிட்டார். நீங்கள் படித்த பயன்தொடக்க விதியிலிருந்து ஒரு ஃபோட்டான், ஒரு எலெக்ட்ரான் என்ற நிபந்தனையை வெட்டிவிட்டு மிச்ச வாக்கியத்தை மட்டும் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறோம். வெட்டுப்பட்ட விதியைப் படித்தவர், எலெக்ட்ரான் வந்ததும் விதியையே சந்தேகிக்கிறார். இது உங்கள் குற்றமல்ல. ஆனால் சாய்வு 3 என்றதும் மூன்று ஃபோட்டான் என்று தீர்ப்பு எழுதினீர்களே, அது உங்கள் குற்றம்தான்.

பச்சை ஃபோட்டானின் ஆற்றல் 2.33 எலெக்ட்ரான் வோல்ட். சிலிக்கானில் எலெக்ட்ரான்கள் கட்டுண்டு கிடக்கும் இணைதிற பட்டையிலிருந்து வெளியேற ஏறத்தாழ 5.17 வேண்டும். இரண்டு போதாது, மூன்று வேண்டும், சரி. ஆனால் இது உலோகமல்ல, குறைகடத்தி. முதல் ஃபோட்டானே 1.12 எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளியைத் தாண்டி, எலெக்ட்ரான்கள் தடையின்றி நகரும் கடத்தல் பட்டையில் எலெக்ட்ரானை ஏற்றிவிடுகிறது. உலோகத்தில் கிளர்ந்த எலெக்ட்ரான் ஃபெம்டோ வினாடிகளில் ஆற்றலை இழந்துவிடும். இங்கே அது படியில் உட்கார்ந்தவனைப் போலக் காத்திருக்கும். பட்டையின் அடியிலிருந்து வெளியே வர இன்னும் சுமார் 4.05 போதும்; இரண்டு ஃபோட்டான்கள் வந்தால் கிளம்பிவிடும். மூன்றும் ஒருசேர வந்தாலும் சாய்வு 3. ஒன்று முன்னே வந்து இரண்டு பின்னே வந்தாலும் சாய்வு 3. உங்கள் வரைபடத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது.

துடிப்பின் நீளத்தை மாற்றுங்கள். மொத்த ஆற்றலை அப்படியே வைத்துத் துடிப்பைப் பத்தில் ஒன்றாகக் குறுக்கினால், ஒருசேர விழுங்கலில் எலெக்ட்ரான் எண்ணிக்கை 100 மடங்காகும். படியில் காத்திருந்து போகும் வழியில், ஏறிய எலெக்ட்ரான்கள் இடையில் அழியாதவரை, 10 மடங்குதான். இந்தச் சோதனையைச் செய்யாமல் மூன்று ஃபோட்டான் ஒருசேர என்று யாரிடமும் சொல்லாதீர்கள். ஆற்றலை மிகவும் கூட்டிவிடவும் கூடாது; வெளிவந்த எலெக்ட்ரான் கூட்டமே பின்னால் வருவதைத் தடுத்துச் சாய்வைக் குறைத்துவிடும்.

உங்கள் வழிகாட்டியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். எனக்கு இதையெல்லாம் காட்டித்தந்த மூத்தவர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். மின்துடிப்பை நேரத்தோடு வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் திரையில் லேசர் துடிப்போடு ஏறி, அதோடு இறங்கும் ஒரு கூர்முனை. அவர் ஆற்றலை ஒரு துளி கூட்டினார். முனையின் வலது தோளில் மெல்ல ஒரு வால் முளைத்தது. லேசர் ஓய்ந்த பிறகும் சூட்டினால் கசிந்துகொண்டிருந்த எலெக்ட்ரான்கள். முனையில் விரல் வைத்து "இது ஒளி" என்றார், வாலில் வைத்து "இது சூடு" என்றார். இரண்டும் ஒரே துடிப்பில் இருந்தன. நீங்களும் வழிகாட்டியும் சண்டை போடுவதற்கு முன் அந்த நேரக்கோட்டைச் சேர்ந்து பாருங்கள்.

கண்ணாடி போடாமல் வேலை செய்ததை ஆர்வம் என்கிறீர்கள். நானோவினாடிப் பச்சைத் துடிப்பு விழித்திரையை நொடியில் எரித்துவிடும், தெரிந்தும் செய்தீர்களா? அடுத்த கடிதத்தில் சோதனை முடிவை எழுதுங்கள், கண்ணாடி போட்டுச் செய்த சோதனையின் முடிவை.