அடங்கலில் பெயர் இல்லாத விவசாயி: கேள்வி பதில்

வணக்கம். டெல்டா மாவட்டங்களில் குத்தகை விவசாயிகளுக்கும் நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கும் நில வழக்குகள் நடத்திவரும் வழக்கறிஞர் நான். வறுமை, விவசாயம், உரிமை சம்பந்தமாக என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன். பலர் இன்னும் அதே நிலத்தில்தான் உழுகிறார்கள். பெயர் வெளியே வந்து அவர்களுக்குத் தொல்லை வரக்கூடாது.

நீடாமங்கலம் பக்கம்: அக்கா, அப்பா காலத்திலிருந்து பத்து மா (மூன்று ஏக்கர் சொச்சம்) நிலம் குத்தகைக்குச் செய்கிறோம். எல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்து கிடையாது. பி.எம். கிசான் பணம் வெளியூரில் இருக்கும் நிலக்காரருக்குப் போகிறது. மழையில் பயிர் அழுகினால் நிவாரணமும் அவர் பெயரில்தான் வருகிறது. நாங்கள் விவசாயிகளே இல்லையா?

தம்பி, உங்கள் கேள்வியோடு தொடங்குவதுதான் சரி. பி.எம். கிசான் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வரும். அது நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும் என்று திட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். எத்தனை மனு போட்டாலும் குத்தகைதாரருக்கு அது கிடைக்காது. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மனுவில் நாட்களை வீணாக்காதீர்கள்.

உங்களுக்குக் கிடைக்கக்கூடியது வேறு இருக்கிறது. தமிழ்நாட்டில் குத்தகைதாரருக்கு மூன்று சட்டங்கள் உண்டு. 1955-ஆம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வருவாய் நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் உங்களை யாரும் நிலத்தைவிட்டு வெளியேற்ற முடியாது. 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம், குத்தகை மொத்த விளைச்சலில் நூற்றுக்கு 25 பங்குதான் என்கிறது. 1969-ஆம் ஆண்டின் சட்டம், குத்தகைதாரர் பெயரைத் தாசில்தார் அலுவலகப் பதிவேட்டில் ஏற்றச் சொல்கிறது. மூன்றும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற சட்டங்கள். பதிவேட்டில் பெயர் ஏறாததால்தான் முதல் இரண்டும் உங்களுக்குப் பயன்படாமல் கிடக்கின்றன.

எங்கே தொடங்குவது? அடங்கலில். எந்தப் புல எண்ணில், எந்தப் பயிரை, யார் சாகுபடி செய்கிறார் என்று வி.ஏ.ஓ. எழுதும் கணக்கு அது. அதில் உங்கள் பெயர் வந்தால்தான் பயிர்க் காப்பீடு, நெல் கொள்முதல், நிவாரணப் பட்டியல் எல்லாவற்றுக்கும் கதவு திறக்கும். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான் விவசாயி கட்ட வேண்டியது. ஆனால் இழப்பைப் பெரும்பாலும் கிராம அளவில் பயிர் அறுவடைச் சோதனை வைத்துக் கணக்கிடுகிறார்கள். உங்கள் வயல் மட்டும் மூழ்கினால் பணம் வராமல் போகலாம், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது தாசில்தாரிடம் குத்தகைப் பதிவுக்கு மனு. நிலக்காரருக்கு நோட்டீஸ் போகும், விசாரணை நடக்கும். இந்த விசாரணையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு மேசை, அந்தப் பக்கம் தாசில்தார், இந்தப் பக்கம் நிலக்காரரும் அவருடைய வழக்கறிஞரும். குத்தகைதாரர் நின்றுகொண்டிருப்பார். "நீங்கதான் சாகுபடி பண்றீங்கன்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டதும் கையைக் காட்டுவார்கள் சிலர். கையில் இருக்கும் காய்ப்பு எனக்குப் போதும், பதிவேட்டுக்குப் போதாது. உரம் வாங்கிய பில், கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீது, குத்தகை நெல் அளந்ததற்கு நிலக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் போட்டுக்கொடுத்த கையெழுத்து, அக்கம்பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரின் வாக்குமூலம் எல்லாம் சாட்சிதான். இன்றிலிருந்தே ஒரு துணிப்பையில் சேர்த்து வையுங்கள். இனிமேல் குத்தகையைப் பணமாகக் கொடுத்தால் வங்கி வழியாகவே கொடுங்கள். நிலக்காரர் வாங்க மறுத்தால் வருவாய் நீதிமன்றத்தில் கட்டிவிடலாம். குத்தகை பாக்கி என்று சொல்லி வெளியேற்ற வழி இருக்காது.

சென்னை: மேடம், நான் மறுபக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியை. கிராமத்தில் மூன்று ஏக்கர் இருக்கிறது. குத்தகைக்கு எழுத்துப்பூர்வமாகக் கொடுத்தால் நிலமே போய்விடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். என் பயம் தவறா?

தவறில்லை அம்மா. குத்தகைதாரரை நினைத்த நேரத்தில் எழுப்ப முடியாது என்பது உண்மைதான். ஆனால் பட்டாவும் உரிமையும் உங்களுடையதாகவே இருக்கும். குத்தகை கொடுக்காவிட்டாலோ, நிலத்தைப் பாழாக்கினாலோ, உங்கள் உரிமையையே மறுத்தாலோ வருவாய் நீதிமன்றத்தில் வெளியேற்றக் கேட்கலாம்.

இந்தப் பயத்துக்கு ஆந்திரம் ஒரு வழி தேடியது. 2019-இல் கொண்டுவந்த சட்டப்படி குத்தகைதாரருக்கு 11 மாதத்துக்கு ஒரு சாகுபடியாளர் அட்டை. நிலத்தின் மேல் எந்த உரிமையும் அதனால் வராது. கடன், காப்பீடு, நிவாரணம் வாங்க மட்டும் அது பயன்படும். ஆனால் நிலக்காரரின் சம்மதம் வேண்டும் என்று வைத்துவிட்டதால், சம்மதம் கிடைக்காத பெரும்பகுதி குத்தகைதாரர்கள் வெளியே நிற்கிறார்கள். நம் ஊரிலும் அப்படி ஓர் அட்டை வர வேண்டும், ஆனால் சம்மதத்துக்குப் பதில் கிராமத்தில் நேரடி விசாரணை வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை உங்கள் குத்தகைதாரர் பெயர் அடங்கலில் வருவதற்கு நீங்கள் தடை சொல்லாமல் இருந்தாலே அந்தக் குடும்பத்துக்குப் பெரிய உதவி.

கோயம்புத்தூர்: உரிமை, சட்டம் என்று பேசுவதைவிட விளைபொருளுக்கு நல்ல விலை கொடுத்தால் வறுமை தானாகப் போய்விடாதா?

விலை வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. 2025-26 பருவத்துக்கு அரசுக் கொள்முதல் நிலையத்தில், தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து சன்ன ரக நெல் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. ஆனால் அந்த விலை யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். அடங்கல் இல்லாத குத்தகைதாரர் களத்துமேட்டிலேயே வியாபாரி சொல்லும் விலைக்குத் தள்ளிவிடுகிறார். விலை ஏறினால் அடுத்த பருவத்தில் குத்தகையும் ஏறுகிறது. சட்டப்படி 25 பங்குக்கு மேல் கேட்கக்கூடாது என்று சொல்லும் தெம்பு அவருக்கு இல்லாதவரை, விலை உயர்வு அவர் வீட்டுக்குள் வராது.

தமிழ்நாட்டில் விவசாயம் செய்பவர்களில் 93 சதவீதம் பேர் சிறு, குறு விவசாயிகள். நெல் விற்பவர்களும் அவர்கள்தான், ஆறு மாதம் கழித்து ரேஷன் கடையில் அரிசி வாங்க நிற்பவர்களும் அவர்கள்தான். அதனால் உணவு உரிமை விவசாயிக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைக்காதீர்கள். 2001-இல் ராஜஸ்தானில் வறட்சி. அரசுக் கிடங்குகளில் தானியம் மலைபோல் குவிந்து கிடந்தது, மக்கள் பட்டினி கிடந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று, அரசுத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குச் சமைத்த மதிய உணவு கொடுத்தே ஆக வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு வந்தது. நம் ஊரில் காமராஜர் காலத்திலிருந்தே இருந்த சாப்பாடு, ஜார்க்கண்டு, பீகார் குழந்தைகளுக்கு அந்த வழக்குக்குப் பிறகுதான் முறையாகக் கிடைத்தது. வயிறு நிறைந்தது வழக்காடியதால்தான்.

மன்னார்குடி: கொள்முதல் நிலையத்தில் சிப்பத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். கொடுக்காவிட்டால் ஈரப்பதம் அதிகம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இதை எழுதும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. வரிசையில் நெல்லைக் கொட்டிவைத்து, மேகம் கருக்கும்போதெல்லாம் தார்ப்பாயை இழுத்து மூடி, வெயில் வந்ததும் திரும்பப் பரப்பி, இரவெல்லாம் பக்கத்திலேயே படுத்துக் காவல் காப்பவரிடம்தான் இந்தப் பணத்தைக் கேட்கிறார்கள். 17 சதவீத ஈரப்பதம் என்பதுதான் விதி. மழைக்காலத்தில் மத்திய அரசிடம் கேட்டுத் தளர்த்துவதும் உண்டு. மீட்டரை உங்கள் கண்ணெதிரே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எண்ணைக் கைபேசியில் படம் எடுங்கள். ஒரு சிப்பம் என்றால் சாக்கு எடை போக 40 கிலோ. தராசையும் பாருங்கள்.

தனி ஆளாகச் சண்டை போடாதீர்கள். நெல்லை வைத்துக்கொண்டு சண்டை போடுபவர்தான் முதலில் தோற்பார். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு மாவட்ட ஆட்சியரின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, "இந்த மனு மீது என்ன நடவடிக்கை" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பணம் கேட்டதற்கு ஆதாரம் இருந்தால் லஞ்ச ஒழிப்புத் துறைக்கே போகலாம்.

சிவகங்கை மாவட்டம்: வீட்டுக்காரர் இறந்து நான்கு வருஷம். நிலம் மாமனார் பெயரில், அவரும் போய்விட்டார். கொழுந்தன் "உனக்கு ஒன்றுமில்லை" என்கிறார். களையெடுத்து, நாற்று நட்டு வளர்த்த நிலம் அது.

அம்மா, உங்களுக்குப் பங்கு இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் முன்பே இறந்துபோன மகனின் மனைவி முதல் வகுப்பு வாரிசு. உயில் எழுதாமல் மாமனார் இறந்திருந்தால், உங்கள் கணவருக்கு வர வேண்டிய பங்கு உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் வரும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்து, கூட்டுப் பட்டாவில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். கொழுந்தன் எந்தத் தாளை நீட்டினாலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "ரேஷன் கார்டுக்கு" என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய சம்பவங்கள் எனக்குத் தெரியும்.

பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதன் விவரம் கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

திருச்சி, கல்லூரி மாணவர்: வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சையில் நிஜமாகவே நிலம் கைமாறியதா?

மாறியது, ஆனால் தானாக மாறவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதுதான் காரணம். அதற்கு முன்பே, 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்தது. 1970-இல் வரம்பை 30 தர ஏக்கரிலிருந்து (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) 15 தர ஏக்கராகக் குறைத்தார்கள். பினாமிப் பெயர்களிலும் அறக்கட்டளைப் பெயர்களிலும் நிலம் பதுங்கியதால் உழைத்தவருக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம்தான்.

வெண்மணிக்குப் பிறகு காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி அந்த மண்ணுக்கே வந்து தங்கினார்கள். 1981-இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலக்காரர்களிடம் பேசி விலைக்கு வாங்கி, ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்களுக்கு ஏக்கர் ஏக்கராகப் பிரித்துக் கொடுத்தார்கள். பத்திரம் பெண்கள் பெயரில். என்னைக் கேட்டால் அதுதான் அந்த வேலையின் உயிர். கணவர் குடித்து அடமானம் வைக்க முடியாத நிலம் அது.

தொண்ணூறுகளில் நாகைக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்தன. வயலும் கிணறும் உப்பானது, கூலி வேலையும் போனது. ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 தீர்ப்பில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த தொழில்முறை இறால் பண்ணைகளை அகற்றவும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவும் உத்தரவானது. அதையும் 2005-இல் நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டம் போட்டு நீர்த்துப்போகச் செய்தது. தீர்ப்பு வாங்கியதும் வீட்டுக்குப் போய்விட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தருமபுரி: வீட்டில் எடுத்துவைத்த விதையைப் பக்கத்து ஊர்க்காரருக்கு விற்றால் கேஸ் வருமா?

வராது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, விற்க உங்களுக்கு உரிமை தருகிறது. கம்பெனிப் பெயர் போட்ட பிராண்டு விதையாக மட்டும் விற்கக்கூடாது. 2019-இல் தன் பதிவு பெற்ற ரகத்தை வளர்த்ததாகச் சொல்லி குஜராத்தில் உருளைக்கிழங்கு விவசாயிகள் மேல் பெப்சிகோ போட்ட வழக்கை, எதிர்ப்பு கிளம்பியதும் அந்தக் கம்பெனியே திரும்பப் பெற்றது.

பெங்களூரு: ஐ.நா.வில் விவசாயிகள் உரிமைப் பிரகடனம் என்று ஒன்று இருக்கிறதாமே, அதனால் பயன் உண்டா?

2018 டிசம்பர் 17 அன்று பொதுச்சபையில் 121 நாடுகள் ஆதரித்து நிறைவேறியது. இந்தியாவும் ஆதரித்தது. நிலம், விதை, நியாயமான வருமானம் எல்லாம் அதில் இருக்கின்றன. நீதிமன்றத்தில் நேரடியாக அமல்படுத்த முடியாது. ஆனால் வாதத்தின்போது, நம் அரசே ஆதரித்து வாக்களித்தது என்று காட்டலாம். நான் காட்டுகிறேன்.

பாபநாசம்: நகையை அடகு வைத்துத்தான் ஒவ்வொரு பருவமும் நடவு செய்கிறோம். குத்தகைக்காரனுக்கு வங்கிக் கடன் கிடைக்குமா?

கிடைக்கும், கொஞ்சம் அலைய வேண்டும். கூட்டுறவு சொசைட்டியில் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. அதனால் முதலில் அங்கே உறுப்பினராகுங்கள். அடங்கல் கையில் இருந்தால் பேச்சு சுலபம். அது முடியாத இடத்தில், நான்கிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தால் நபார்டு (தேசிய விவசாய, ஊரக வளர்ச்சி வங்கி) வழிகாட்டுதல்படி வங்கிகள் நிலப் பத்திரம் இல்லாமல் கடன் தரலாம். ஒருவருக்கொருவர் ஜாமீன் என்பதால் நன்றாகத் தெரிந்தவர்களோடு மட்டும் சேருங்கள். தண்டல்காரர் மிரட்டினால், 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் போலீசில் புகார் கொடுக்கலாம்.

வேதாரண்யம்: நீங்கள் சொல்வதெல்லாம் சரி. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் எங்கே இருக்கிறது?

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வழக்கறிஞர் தர வேண்டும். இது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. சிறு விவசாயிகள் பலர் அதற்குள் வந்துவிடுவார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் தாலுகா நீதிமன்றத்திலும் அதன் அலுவலகம் இருக்கும். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். எழுதத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். தொலைபேசி எண் 15100. போகும்போது அந்தத் துணிப்பையை எடுத்துப் போங்கள், ரசீதுகளின் நகலை மட்டும் கொடுங்கள், அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.