ஊசியைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கே: கிறிஸ்துமஸ் மரம் என்று சொன்னார்கள், வாங்கி நட்டேன். பத்து வருஷத்தில் தெற்கே சாய்ந்துவிட்டது. வாஸ்து கோளாறா?
(திருநகர்)

ப: வாஸ்துவும் இல்லை, காற்றும் இல்லை. உங்களிடம் இருப்பது குக் பைன். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் இருக்கும் நியூ கலிடோனியா தீவின் அரக்கேரியா வகை ஊசியிலை மரம். எங்கே நட்டாலும் பூமத்திய ரேகைப் பக்கம் சாய்வது அதன் குணம். ஆய்வாளர்கள் ஐந்து கண்டங்களில் அளந்து பார்த்து 2017-ல் எழுதினார்கள். சராசரி எட்டரை டிகிரிச் சாய்வு. நமக்கு ரேகை தெற்கே இருக்கிறது, அவ்வளவுதான். கம்பு கட்டி நிமிர்த்த வேண்டாம். சொந்த ஊரில் அது 60 மீட்டர் வரை போகும். சுவரை ஒட்டி நட்டிருந்தால் அதற்குக் கவலைப்படுங்கள்.

கே: சவுக்கும் ஊசியிலை மரம்தானே?
(மேலூர்)

ப: இல்லை. இதை எத்தனை தடவைதான் எழுதுவது! ஊசியிலை மரம் என்றால் பூக்காமல், பெரும்பாலும் கூம்பில் விதை வைக்கிற மரம். சவுக்கு பூக்கும் தாவரம். ஊசி மாதிரி தெரிவது இலை இல்லை, சின்னக் கிளை. ஒரு கணுவை இழுத்துப் பிய்த்துப் பாருங்கள், பல் பல்லாகத் தெரிகிற செதில்கள்தான் இலை. ஊசியைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

கே: நியூ கலிடோனியாவில் மட்டும் ஏன் இத்தனை அரிய ஊசியிலை மரங்கள்?
(கல்லூரி மாணவி, மதுரை)

ப: நல்ல கேள்வி. தமிழ்நாட்டில் ஏழில் ஒரு பங்குதான் அந்தத் தீவு. அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள், அத்தனையும் வேறெங்கும் இயற்கையாக வளராதவை. மண்ணில் நிக்கல் அதிகம், பாஸ்பரஸ் குறைவு. வேகமாக வளரும் மரங்கள் அங்கே திணறும், மெதுவாக வளர்கிறவை தாக்குப்பிடிக்கும். ரெட்ரோஃபில்லம் மைனஸ் என்ற குட்டை மரம், அடி பருத்து, ஆற்றோரத் தண்ணீரிலேயே நிற்கும். பாரசிடாக்சஸ் இன்னொரு ஊசியிலை மரத்தின் வேரில் ஒட்டிப் பிழைக்கிறது; ஊசியிலை மரங்களில் ஒட்டுண்ணி அது ஒன்றுதான். காப்பாற்றிய நிக்கலே இப்போது எமன்: சுரங்கம். அப்புறம் காட்டுத்தீ.

கே: இலங்கையில்?
(அதே மாணவி)

ப: இயற்கையாக ஒன்றுகூடக் கிடையாது. மலைநாட்டு பைன் எல்லாம் நட்டவை. நம் கொடைக்கானல் பைனும் அப்படித்தான்.

கே: நம் மலையிலும் அரிய ஊசியிலை மரம் ஒன்று உண்டாமே, கன்று எங்கே கிடைக்கும்? மாடியில் பெரிய தொட்டி வைத்திருக்கிறேன்.
(அண்ணாநகர்)

ப: நிரம்பாலியைக் கேட்கிறீர்கள். தென்னிந்தியாவின் ஒரே சொந்த ஊசியிலை மரம், ஊசியே இல்லாதது. போன மே மாதம் ஒருவர் ஈரச் சாக்கில் சுற்றிய கன்றோடு என் வாசலில் வந்து நின்றார். களக்காட்டுப் பக்கம் மலையேறப் போனபோது பிடுங்கியதாம், பெருமை வேறு. இலையை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு விரல் அகலம், நடு நரம்பு கிடையாது, காம்பிலிருந்து நுனிவரை நூல் நூலாக இணை நரம்புகள். அசல் நிரம்பாலியேதான். மேகமும் மழையும் விடாத காட்டில் பிறந்ததை மதுரை வெயிலில் வைத்தால் என்ன ஆகும்? மூன்றாவது வாரம் கருகிவிட்டது. இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நீங்கள் தூக்கி வருவது எதுவென்று கன்றில் தெரியாது. காட்டில் துணையில்லாமல் நிற்கிற மரத்துக்குத் தெரியும். களக்காடு போன்ற புலிகள் காப்பகத்தில் செடி பிடுங்குவது குற்றம் என்பதையும் எத்தனை முறை சொல்வது? காசு கொடுத்து வாங்குவதும் அந்தத் திருட்டில் பங்குதான். தொட்டியில் கறிவேப்பிலை வையுங்கள்.

கே: படம் அனுப்பியிருக்கிறேன், என்ன மரம்?
(உசிலம்பட்டி)

ப: உங்கள் கட்டைவிரல் தெரிகிறது. பின்னால் பச்சையாக ஏதோ இருக்கிறது. கூம்பு, இலையின் இரண்டு பக்கம், பட்டை என்று நாலு படம் எடுத்து அனுப்புங்கள், சொல்கிறேன்.